மூன்று முறை கூப்பிடுவார்கள்

நெடும்பாசேரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பெண்
என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள்.
கழற்றினேன். முத்திரை விழுந்தது.
பதினாலு வருடத்துப் பயத்துக்கு
அவ்வளவுதான் சத்தம்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை.
கொழிஞ்சாம்பாறையில் பஸ் மாறி
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு டிக்கெட் கேட்டேன்.
"செக்போஸ்ட்டெல்லாம் இப்ப ஏதுங்க, பேருதான்"
என்றான் கண்டக்டர், சில்லறை எண்ணிக்கொண்டே.
ரோட்டுக்கு இரு பக்கமும் முட்டியளவு சிமெண்ட் குற்றி.
நடுவில் கட்டை இல்லை.
பொள்ளாச்சி லாரிகள் ஹாரன்கூட அடிக்காமல்
மாநிலம் தாண்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கட்டையைத்தான் நான் உடைத்தேன்.
ஆவணி மாதம், விடிகாலை மூன்று மணி,
டெம்போவில் அறுநூறு பிராய்லர்.
கோழிக்கு வரி இருந்த காலம்.
முதலாளி சொல்லியனுப்பியது ஒரே வார்த்தை: நிறுத்தாதே.
கட்டை முறிந்தது ஒரு சத்தம்.
அதற்குள்ளேயே இன்னொன்று, சின்னதாய்,
முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி.
விளக்கு வெளிச்சம் முழுக்க இறகு.
காவலுக்கு நின்ற அப்புக்குட்டனின் மணிக்கட்டு என்று
வக்கீல் சொல்லித்தான் தெரியும்.
குற்றப்பத்திரிகை மலையாளத்தில் இருந்தது,
பேசுவேன், படிக்க வராது.
வலக்கையா இடக்கையா என்று
கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.
விசா வந்திருந்தது.

சலாலாவில் தண்ணீர் லாரி ஓட்டினேன்.
ஒட்டகம் குறுக்கே வந்தால் நிறுத்துவேன்.
ஒட்டகம் வரும் என்று எழுதிய பலகைக்கும் நிறுத்துவேன்.
சில ராத்திரி தூக்கம் பிடிக்காது.
சித்தூர் கோர்ட் வராந்தாவில் டவாலி
என் பேரை மூன்று முறை கூப்பிடுவான்,
புறா மட்டும் திரும்பிப் பார்க்கும்.

அலாவுதீன் கடை அதே புளியமரத்தடியில்.
எனக்கு ஜாமீன் நின்றவன்.
நான் ஆஜராகாததற்கு அவன் கட்டியது பத்தாயிரம்.
காற்றடிக்கிற கம்ப்ரசரை விற்றுக் கட்டினான்.
அப்புறம் இரண்டு வருடம் கால்பம்ப்.
இதெல்லாம் போனில் யாரோ சொன்னது, அவனில்லை.
பேரீச்சம்பழத்தையும் முப்பதாயிரத்தையும் வைத்தேன்.
நிமிரவில்லை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.
கை துடைத்தான். பத்தை எடுத்தான்.
மிச்சத்தின் மேல் ஸ்பேனரை வைத்துத் தள்ளினான்.
"கம்ப்ரசருக்கு வெச்சுக்க."
"மிதிச்சது எங்காலு. அதுக்கு நீ கணக்குப் போடாத."
பழத்தை மட்டும் பையன் வாங்கிக்கொண்டான்.

ஸ்டேஷனில் ரைட்டர் பழைய ரிஜிஸ்டரைத் தட்டினார்,
இரண்டு தும்மல், ஒரு பல்லி முட்டை.
விரல் வைத்து வாசித்தார்:
திருமூர்த்தி, தகப்பன் பேர் சுப்பய்யன், வயசு இருபத்தேழு.
"இயாள் எவிடெ?"
நான்தான் என்றேன்.
என் நரையைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார்,
அந்த இருபத்தேழு வயசுக்காரனை நான்
எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு
வந்திருப்பதைப் போல.
பிறகு உட்காரச் சொன்னார். டீ வந்தது.
விலங்கு வரவில்லை.

கோர்ட்டுக்குப் போகும் வழியில் வக்கீல் சொன்னார்:
"ஒண்ணாம் சாட்சி அப்புக்குட்டன்
மூணு வருஷம் முன்னாடி தவறிட்டார்.
கேஸ் நிக்காது. நல்ல சேதி."
எந்தக் கை சார் என்றேன்.
"எந்தக் கையா?"
விட்டுவிட்டேன்.

வராந்தாவில் நான் நினைத்த தூண் இல்லை.
புறா இருந்தது.
டவாலி ஒரு பெண், குரல் கணீரென்று.
திருமூர்த்தி.
எழுந்துவிட்டேன். வாய் எழவில்லை.
திருமூர்த்தி.
நாக்கில் பேரீச்சங்கொட்டை மாதிரி ஏதோ.
மூன்றாவது முறைக்கு அவள் மூச்சிழுத்தபோது
பின்னாலிருந்து,
"இருக்கான் சார். இங்கதான் இருக்கான்."

திரும்பிப் பார்க்கவில்லை.
பஞ்சர் சொல்யூஷன் வாசம் வந்தது.